புதுக் குட்டி வந்த வீட்டில் பழைய பூனை முரண்டு பிடித்தால்

குட்டியைத் தூக்கி வந்த கையோடு வீட்டுப் பூனையின் முகத்துக்கு நேரே நீட்டி, "இந்தா பார், உனக்குத் தம்பி வந்திருக்கிறான்" என்று அறிமுகம் செய்துவைப்பது திருநெல்வேலிச் சீமையில் பல வீடுகளில் நடக்கிறது. தம்பி வேண்டும் என்று அந்தப் பூனை கேட்கவே இல்லை. அடுக்களை, தார்சா என்கிற முன்கூடம், புறவாசல், மதில், பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரை என்று அது கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்து எல்லை போட்டு வைத்திருக்கும் சொத்துக்குள் முன்பின் தெரியாத வாசனையோடு ஒன்று நுழைந்திருக்கிறது. சீறத்தான் செய்யும்.

பூனை யாரையும் முதலில் மூக்கால்தான் அடையாளம் காண்கிறது. அதனால் வாசனை முதலில், பார்வை அடுத்து, தொடுகை கடைசியில் என்ற வரிசையில் பழக்க வேண்டும். குட்டி தனி அறையில் இருக்கும்போதே ஒன்றின் துணியை மற்றதன் இடத்தில் போட்டு வைப்பது முதல் படி. வலைத்தடுப்பின் இரு பக்கமும் இருந்து ஒன்றையொன்று பார்த்தபடி சாப்பிடுவது இரண்டாம் படி. நம் கண்ணெதிரே சில நிமிடங்கள் ஒரே இடத்தில் விடுவது மூன்றாம் படி. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதித்ததால் வருபவை. எது வந்தாலும் முதலில் ஒரு படி கீழே இறங்குங்கள். அங்கே இரண்டு மூன்று நாள் அமைதி நிலவிய பிறகு மறுபடி ஏறலாம்.

தனி அறைக்கு இன்னொரு காரணம் நோய். தெருவிலிருந்தோ அரிசி ஆலையிலிருந்தோ எடுத்து வந்த குட்டிக்குப் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் தொற்றியிருந்தால், அது வெளியே தெரிய 10 நாள் வரை ஆகலாம். தடுப்பூசி போடாத மூத்த பூனையையும் அது கொண்டுபோய்விடும். ஆகவே 14 நாள் தனிமை, தனித் தட்டு, தனி மணல் தொட்டி, குட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். துணி மாற்றுவதும் இடம் மாற்றுவதும் இந்த 14 நாள் கழிந்த பிறகுதான். பினாயிலை நம்ப வேண்டாம். அது இந்த வைரஸைக் கொல்லாது. பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கினால் பூனைக்குத்தான் விஷம். தரையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, பிளீச்சிங் கரைசலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூனையை விட வேண்டும்.

நாள் பார்ப்பவர்கள் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்: ஊர்க் கோயில் கொடை நடக்கும் வாரத்திலும் தீபாவளியை ஒட்டியும் குட்டி எடுத்து வராதீர்கள். வேட்டும் ஒலிபெருக்கியும் நையாண்டி மேளமும் சேர்ந்தால் நிதானமான பூனைகூடப் பரண் ஏறிவிடும்.

கதவிடுக்கில் முகர்ந்து சீறுகிறது

மூடிய கதவின் இடுக்கில் மூக்கை வைத்து, ஒரு சீறு சீறிவிட்டு, மூத்த பூனை தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டால் அது கோளாறே அல்ல. கிட்ட வராதே என்று முன்கூட்டியே சொல்கிறது, அவ்வளவுதான். சீறுகிற வரைக்கும் சண்டையைத் தவிர்க்கத்தான் பார்க்கிறது. இதற்குப் போய் அதட்டினால், குட்டியின் வாசனை வந்தாலே வீட்டில் வசவு விழும் என்றுதான் அதற்குப் பதியும்.

உறுமல் வேறு. அடித்தொண்டையில் இழுத்து உறுமிக்கொண்டு, இமைக்காமல், கதவையே பார்த்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் வாசனைப் படி இன்னும் முடியவில்லை என்று பொருள். பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக் குட்டியின் கன்னத்திலும் தாடையிலும் தடவி, மூத்ததின் சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஏழெட்டு அடி தள்ளிப் போடுங்கள். அன்றன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டின் பக்கம் நகர்த்துங்கள். துணியை முகர்ந்துவிட்டு அலட்சியமாகத் திரும்பிச் சாப்பிடத் தொடங்கினால் வேலை பாதி முடிந்தது. அடுத்து இடமாற்றம்: குட்டியைத் தார்சாவில் உலவவிட்டு, மூத்ததைக் குட்டியின் அறைக்குள் அரை மணி நேரம் விடுங்கள். எல்லா மூலையையும் அது ஒரு சுற்று முகர்ந்து பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

பூட்டி வைக்க அறை இல்லை

விருந்தினர் அறையில் வையுங்கள் என்று சொல்கிற யோசனைகள் எந்த ஊருக்கோ எழுதப்பட்டவை. வளவு வீட்டில் வாசலிலிருந்து புறவாசல் வரை நேர்கோட்டில் ஒன்றன் பின் ஒன்றாக அறைகள் இருக்கும். நடுவில் கதவு இருந்தாலும் சாத்துகிற வழக்கம் இருக்காது. குளியலறை, சாமான் போட்டு வைக்கும் அறை, மாடிப்படிக்குக் கீழ் உள்ள இடம், இதில் எது காற்றோட்டமாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடித் தகரக்கூரை அறை மட்டும் வேண்டாம். கத்திரி வெயில் நாளில் அங்கே பூட்டி வைத்தால் குட்டி உயிரோடு இருப்பது சந்தேகம்.

பார்வைப் படிக்கு நிலைக்கதவில் சட்டம் அடித்துக் கம்பிவலை போடலாம். துணிக் கொசுவலை நிற்காது; முதல் நாளே நகத்தால் கிழித்துவிடும். அதுவும் முடியாதவர்களுக்கு நல்ல சாதனம் ஒன்று பழைய வீடுகளின் தொழுவில் சும்மா கிடக்கிறது: கோழியைக் கவிழ்த்து மூடும் மூங்கில் பஞ்சாரம். நெருக்கமாகப் பின்னிய, குட்டியின் தலை நுழையாத பஞ்சாரமாகப் பாருங்கள். குட்டியை உள்ளே விட்டு, மேலே ஒரு குழவிக்கல்லை வைத்துவிட்டால் நகராது.

முதலில் மூத்த பூனை சுவரோரமாகவே ஒரு பெரிய வட்டம் அடிக்கும். பிறகு உட்கார்ந்து, சம்பந்தமே இல்லாததுபோல முன்காலை நக்கிக்கொள்ளும். உள்ளிருந்து மூங்கில் இடுக்கு வழியாக ஒரு சின்னக் கால் வெளியே நீண்டு தரையைத் துழாவும். அந்தக் காலை மூத்தது கழுத்தை நீட்டி முகர்ந்துவிட்டு அறையாமல் விலகினால் நல்ல சகுனம். ஐந்து பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். குட்டியைப் பஞ்சாரத்திலேயே குடிவைக்கக் கூடாது. மூத்தது மேலே பாய்ந்து உலுக்கினால், பஞ்சாரத்தின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டு வாசனைப் படிக்குத் திரும்புங்கள்.

தட்டை விட்டுவிட்டு முறைக்கிறது

எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைக் காட்டும் அளவுகோல் சாப்பாட்டுத் தட்டுதான். உவரிப் பக்கத்திலிருந்து மீன் வருகிற நாளில், உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்து முள் நீக்கிய சாளையை வலைக்கு இப்பக்கம் ஒன்று, அப்பக்கம் ஒன்று என்று வையுங்கள். கருவாடு வேண்டாம், அவ்வளவு உப்பு பூனைக்கு ஆகாது.

மூத்த பூனையின் காதையும் வால் நுனியையும் பாருங்கள். மெல்லும்போது காது ஒவ்வொன்றாகக் குட்டியின் பக்கம் திரும்பித் திரும்பி வந்தால் பரவாயில்லை. கவனிக்கிறது, ஆனால் பசியும் இருக்கிறது. இரண்டு காதும் பக்கவாட்டில் படுத்து, வால் நுனி தரையில் தட்டத் தொடங்கி, வாயில் மீனை வைத்துக்கொண்டே மெல்லுவதை நிறுத்திவிட்டால் தட்டு அதிகம் நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அட்டை ஒன்றை நடுவில் மெதுவாக நுழைத்துப் பார்வையை மறைத்துவிட்டு, சாப்பிட்டு முடிக்க விடுங்கள். அடுத்த வேளைக்கு இரண்டு தட்டும் இன்னும் மூன்றடி தள்ளி. அங்கே அமைதியாகச் சாப்பிட்டால், அதற்கடுத்த வேளைக்கு ஒரு சாண் கிட்டே.

ஒரு சாண் என்றால் ஒரு சாண்தான். இன்று நன்றாகத்தானே சாப்பிட்டது என்று ஒரே வேளையில் ஐந்தடி நகர்த்துகிறவர்கள்தான் மறுநாள் கைக்கு மருந்து போட்டுக்கொண்டு யோசனை கேட்கிறார்கள்.

குட்டி பெரியதின் வாலைப் பிடித்துத் தொங்குகிறது

பாவம் குட்டி என்று எல்லோரும் குட்டிக்குப் பரிந்து பேசுவார்கள். என் அனுதாபம் இங்கே மூத்ததோடுதான். 10 வயதைத் தாண்டிய பூனை பகலில் பெரும்பகுதி தூங்கி ஓய்வெடுக்கும். மூன்று மாதக் குட்டிக்கோ விழித்திருக்கும் நேரமெல்லாம் வேட்டை. சந்திக்க விடுவதற்கு முன்பே குட்டியை ஓடவிட்டுக் களைக்கச் செய்யுங்கள். தோட்டத்தில் கிடக்கும் மயிலிறகை ஒரு குச்சியில் கட்டி இழுத்தால் கால் மணி நேரத்தில் நாக்குத் தள்ளிவிடும். விளையாட்டு முடிந்ததும் அதை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பூக்கட்டும் நூல், வாழைநார் எதையும் தரையில் விடாதீர்கள். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடும்.

மூத்தது நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு தலையில் ஒரு தட்டு தட்டினால் தடுக்காதீர்கள். குட்டிக்கு மரியாதை சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. குட்டி ஏற முடியாத உயரத்தில் மூத்ததுக்கு என்று ஓர் இடம் இருக்க வேண்டும்: பரண், பீரோவின் மேல், சன்னல் திட்டில் ஒரு மடித்த கோரைப்பாய். பத்தமடைப் பாயாக இருந்தால் உங்கள் பாடு. நகம் தீட்ட அதைவிட உசத்தியான பொருள் பூனைக்குத் தெரியாது.

இது விளையாட்டா, சண்டையா?

சத்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம். விளையாட்டில் சத்தம் குறைவு. மேலும் கீழும் மாறி மாறிப் புரளும். நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும். சண்டையில் அலறல் இருக்கும். ஒன்றே துரத்தும், ஒன்றே ஓடும். வால் புடைத்து, முதுகு மயிர் சிலிர்த்து நிற்கும். ஓடுகிற பூனை ஒளிந்த இடத்திலிருந்து சாப்பிடக்கூட வரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம்.

சண்டையை விலக்கக் கையை விடாதீர்கள். தாம்பாளத்தைத் தட்டிச் சத்தம் எழுப்புங்கள், அல்லது கனத்த போர்வையை மேலே போடுங்கள். பிறகு தனித்தனி அறை. அன்றைக்கு அதோடு சரி. கடித்தாலோ பிராண்டினாலோ, காயம் சிறியது என்று மஞ்சள் அப்பிவிட்டு இருக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். தெருவிலிருந்து வந்த குட்டி என்றால் இதில் யோசனைக்கே இடமில்லை.

பாயிலும் துணியிலும் சிறுநீர் கழிக்கிறது

வஞ்சம் தீர்ப்பதற்காகத் தாத்தாவின் வேட்டியைத் தேடிப் பிடித்து நனைத்துவிட்டது என்பார்கள். பூனைக்கு அப்படிப்பட்ட கணக்கெல்லாம் கிடையாது. தொட்டிக்குப் போகும் வழியில் குட்டி பதுங்கியிருக்கிறது, அல்லது தொட்டியில் குட்டியின் வாசனை. பூனைகளின் எண்ணிக்கைக்கு ஒன்று கூடுதலாகத் தொட்டி வேண்டும்: இரண்டு பூனைக்கு மூன்று, அவையும் மூன்று வெவ்வேறு இடங்களில். மூன்றையும் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே தொட்டிதான். ஆற்று மணலுக்கு இப்போது எங்கே போவது? தூசு சலித்த உமியோ மரத்தூளோ போதும். ஆனால் பழகியதை ஒரே நாளில் மாற்றாமல், பழைய மணலோடு கலந்து கலந்து மாற்ற வேண்டும்.

நனைந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இந்த ஒரு பயனாவது இருக்கட்டும். சிறுநீரின் மேல் பிளீச்சிங் கரைசலை ஊற்றக் கூடாது. கிளம்பும் வாயு நுரையீரலுக்குக் கெடுதல்.

நின்றபடி வாலை உயர்த்தி நடுக்கிக்கொண்டு சுவரில் பீச்சினால் அது எல்லைக் குறி. கருத்தடை செய்யாத கடுவனிடம், அதாவது ஆண் பூனையிடம், இது சகஜம். தொட்டியை மாற்றிப் பயனில்லை. மருத்துவரிடம் கருத்தடைக்கு நாள் கேளுங்கள்.

மூத்தது வீட்டுக்கே வருவதில்லை

கதவும் சன்னலும் எப்போதும் திறந்திருக்கும் ஊர்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. பூனை சண்டையே போடாது, மூட்டையைக் கட்டிவிடும். "மதினி, உங்கள் பூனை இரண்டு நாளாக எங்கள் மச்சில்தான் படுத்திருக்கிறது" என்று பக்கத்து வீட்டிலிருந்து தகவல் வரும்போதுதான் நமக்கே தெரியும்.

பிடித்து வந்து கட்டிப்போட்டால் அடுத்தமுறை இன்னும் தூரம் போகும். மதினியிடம் முதலில் சொல்ல வேண்டியது, தயவுசெய்து சோறு வைக்காதீர்கள் என்பது. பூனை வழக்கமாக வரும் நேரத்தில் குட்டியை உள்ளே அடைத்துவிட்டு, பழைய இடத்தில், பழைய தட்டில், அதற்குப் பிடித்ததை வையுங்கள். அது வரும், சாப்பிடும், போய்விடும். போகட்டும். அடுத்த சில நாள்களில் சாப்பிட்டபின் உட்கார்ந்து முகம் கழுவும் நேரம் நீளும். வீட்டுக்காரர்கள் குட்டியைக் கொஞ்சுகிற நேரத்தில் மூத்ததை மறந்துவிடுவதும் இதற்கு ஒரு காரணம். முதலில் அதற்குச் சாப்பாடு, முதலில் அதற்குத் தடவல், இரவில் அது படுக்கும் இடத்தில் அதுவேதான் படுக்கும். குட்டி இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று திடீரென்று பாய்கிறது

குட்டியின் மேல் குற்றம் தேடுவதற்கு முன் மதிலைப் பாருங்கள். தெருக் கடுவன் ஒன்று ராத்திரி ஓட்டின் மேல் நடந்திருக்கும். வெளியே இருப்பவனை அடிக்க முடியாத ஆத்திரத்தில், அந்த நேரத்தில் பக்கத்தில் வந்த குட்டியின் மேல் மூத்தது பாய்ந்திருக்கும். மனிதர்கள் ஆபீஸ் கோபத்தை வீட்டில் காட்டுவதில்லையா, அதே கதைதான். அந்தப் பக்கத்துச் சன்னலின் கீழ்ப்பாதியை இரவில் அட்டையால் மறைத்துவிடுங்கள். புறவாசலில் மிச்சச் சோற்றைக் கொட்டி ஊர்ப் பூனைகளுக்கு விருந்து வைப்பதையும் நிறுத்துங்கள். கடுவன் குட்டிகளைக் கொல்லவும் கூடும் என்பதால், ஓட்டு இடுக்கையும் புகைபோக்கி ஓட்டையையும் அடைப்பது நல்லது.

இரண்டில் ஒன்று மருத்துவரிடம் போய் வந்த நாளிலும் இது நடக்கும். மருந்து வாசனையோடு திரும்பி வருவது பழைய கூட்டாளிதான் என்று மற்றதுக்குத் தெரியாது. திரும்பி வந்ததை ஒரு ராத்திரி தனியாக வைத்து, வீட்டுத் துணியால் துடைத்து, மறுநாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் விடுங்கள். இரண்டும் இல்லையென்றால் வலியாக இருக்கலாம். பல்லோ காதோ வலிக்கும் பூனை கிட்டே வருகிற எதையும் அறையும்.

கோபம் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். சில பூனைகளுக்கு இரண்டு நாள்கூட ஆகும். அதுவரை வலைக்கதவுதான்.

குட்டியின் சாப்பாட்டைப் பெரியது தின்றுவிடுகிறது

பஞ்சாரத்தின் ஓரத்தை ஒரு செங்கல்லால் தூக்கி வைத்து, தட்டை உள்ளே நடுவில் வையுங்கள். குட்டி மட்டும்தான் நுழையும். பசும்பால் ஊற்றாதீர்கள், வயிற்றால் போகும். எட்டு வாரத்துக்கு முன்பே தாயைப் பிரித்து எடுத்து வந்த குட்டி என்றால் என்ன கொடுப்பது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழக்கத்தால் தீராதவை

கடுவன் தொட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் சொட்டாகக்கூட வரவில்லை என்றால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டிருக்காதீர்கள். சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கும், வீட்டில் புதியவர் வந்த மனஅழுத்தம் அதைத் தூண்டிவிடும், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அந்த மணி நேரமே வண்டியை எடுக்க வேண்டும். மூத்தது ஒரு முழு நாள் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றாலும் போக வேண்டும். குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். குட்டி வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலாக இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு வாங்கிய தெள்ளுப்பூச்சி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் அப்படியே.

அந்தந்த ஊர்க் கால்நடை மருந்தகம் போதாத நோய்களுக்குத் திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. குட்டிக்கு எட்டு வார வயதில் கூட்டுத் தடுப்பூசி தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். மூத்ததின் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். பாக்கி இருந்தால் அதற்கும் சேர்த்துப் போட்டுவிடலாம்.

மாதம் இரண்டாகியும் சேர்ந்து படுப்பதில்லை

இது கோளாறு அல்ல. ஒன்று பரணில், ஒன்று ஓலைப்பெட்டியில், சாப்பாட்டுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் அடுக்களையில்: பல வீடுகளில் கடைசிவரை இதுதான் ஏற்பாடு. நெருக்கிப் பிடித்துப் படம் எடுக்க முயல வேண்டாம். மூன்றாவது குட்டியைப் பற்றி யாராவது பேச்சைத் தொடங்கினால், வீட்டில் எத்தனை தொட்டிக்கு இடம் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.